வாடைக்கு அடைத்த ஜன்னல்

தூத்துக்குடியில் குளிரா என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஐப்பசியில் மழை பிடித்து, கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம் ஏறி, மார்கழி வாடை கடலைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது வயதான உடம்பு என்ன பாடுபடும் என்பதை நானும் கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் ஓட்டப்பிடாரத்துப் பக்கம் கரிசல்காட்டில் பிறந்தவள். இந்த ஈரக் குளிர் எனக்கே புதிது.

சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் கூட்டாளி. அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று கேள்விப்பட்ட நாள் முதல் கப்பல் எப்போது வரும், ஆள் எப்போது வருவார் என்று எதுவும் நிச்சயம் இல்லை. வீட்டில் நானும் இரண்டு கிழவர்களும்தான். ஒருவர் என் மாமனார்; அவரை மாமா என்பேன். மற்றவர் அவருடைய அண்ணன். அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். இருவருக்கும் மனைவி இல்லை. எனக்கு அப்போது குழந்தை இல்லை. "ரெண்டு பேரையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் தோணி ஏறினார். அந்த ஒரு சொல் என் தலையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மாமா ஒல்லியான உடம்பு. என் மாமியார் ஒரு மார்கழியில் சளிக் காய்ச்சல் கண்டு அந்த வீட்டின் நடு அறையில்தான் கண்ணை மூடினாராம். அன்றிலிருந்து வாடைக் காற்று என்றால் மாமாவுக்கு எமன். பெரிய மாமா வாலிபத்தில் துறைமுகத்தில் பஞ்சுப் பொதி சுமந்தவர். மலை மாதிரி இருந்த ஆள் இப்போது கால் மரத்துப்போய், நெஞ்சில் இழுப்போடு கிடந்தார். அவருக்குக் காற்று வேண்டும். இருவரும் படுப்பது அந்த நடு அறையில். அதற்கு ஒரே ஜன்னல். அதுவும் வடக்கே பார்த்தது.

"ஏளா, அந்தச் சன்னலச் சாத்து. வாடை எலும்புக்குள்ள போவுது" என்பார் மாமா.

"சாத்தாதளா. எனக்கு மூச்சு முட்டுது. அவனுக்குக் குளிருச்சுன்னா சாக்கப் போத்திட்டுப் படுக்கச் சொல்லு" என்பார் பெரிய மாமா.

நான் பாதி சாத்தி வைப்பேன். இருவரும் சேர்ந்து என்னை ஏசுவார்கள்.

முதல் பயம் ஒரு காலை வேளையில் வந்தது. பெரிய மாமா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காப்பியை நீட்டினேன், கை நீட்டவில்லை. என்ன மாமா என்றேன். ஏதோ சொன்னார், நாக்குக் குழறியது. நடுங்கவும் இல்லை. அதனாலேயே குளிர் என்று எனக்குத் தோன்றவில்லை. கையைத் தொட்டேன். கூடையில் கிடக்கும் மீனைத் தொட்ட மாதிரி இருந்தது. வயிற்றைத் தொட்டேன், அதுவும் அப்படியே. இரவு மழைச்சாரலில் அவருடைய வேட்டி நனைந்து, ஈரத்தோடேயே கிடந்திருக்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. உலர்ந்த துணி மாற்றி, வீட்டில் கிடந்த வேட்டி, சேலை, சாக்கு எல்லாவற்றையும் சுற்றி, வெந்நீரில் கரைத்த கருப்பட்டியை மடக்கு மடக்காகக் கொடுத்தேன். உச்சி வேளைக்கு மேல்தான் உடம்பில் சூடு திரும்பி, அவருக்கு நடுக்கம் வந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு மாமா சும்மா இருக்கவில்லை. அண்ணன்மேல் அவருக்கு உயிர். அடுப்பில் செங்கல்லைச் சுட வைத்து, துணியில் சுற்றி, அண்ணனின் காலடியில் வைத்தார். அன்று சாயங்காலம் நான் போர்வையை விலக்கினபோது உள்ளங்கால் முழுவதும் கொப்பளித்துக் கிடந்தது.

"சுடலையா மாமா?"

"எது சுடணும்?" என்று கேட்டார் பெரிய மாமா.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். சூடு தெரியாத உடம்புக்குக் குளிர் மட்டும் எப்படித் தெரியும்? இந்த ஆளுக்கு என்ன நடந்தாலும் அவர் வாயால் நமக்குச் சொல்லப்போவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

செங்கல் வேண்டாம் என்று ஆனதும் மாமா பரணிலிருந்து கங்குச் சட்டியை இறக்கினார். பிள்ளை பெற்றவளுக்குக் கணப்பு வைக்கிற மண்சட்டி. கரியைப் போட்டுக் கனிய வைத்து, நான் அதை அறை வாசலில் வைத்தேன். கதவைத் திறந்தே போட்டிருந்தேன். சில நாட்கள் அது நன்றாகத்தான் இருந்தது. இருவரும் சட்டிப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு பழைய கதை பேசினார்கள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதுதான் பஜாரில் கம்பளி வந்திருப்பதாகச் செய்தி வந்தது. துணிக்கே பஞ்சமாயிருந்த காலம். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த கடை அது. காலையிலிருந்து கொட்டிய மழை மதியம் விட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர்கள் கடற்கரைக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். அவளுடைய வீட்டுக்காரர் மழை என்று கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

கடையில் கூட்டம். நிற்க நிற்க வானம் மறுபடியும் கறுத்தது. வாடை எழும்பி, கடை முகப்புச் சாக்குகள் படபடவென்று அடித்தன. ரெண்டு கம்பளி கேட்டேன்.

"ஒண்ணுதான் மிச்சம் தங்கச்சி. ரெண்டு பேரையும் ஒட்டிப் படுக்கச் சொல்லு" என்றார் கடை அண்ணாச்சி.

கம்பளியைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு, எதிர்க்காற்றில் தலையைக் குனிந்து நடந்தேன். பாதி வழியில் தூறல் பிடித்தது. பிறகு நடக்கவில்லை, ஓடினேன்.

வெளிக்கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போனால் நடு அறைக் கதவு அடைத்திருந்தது. வாசலில் கங்குச் சட்டி இல்லை. தள்ளினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"மாமா!"

பதில் இல்லை. தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் கூப்பிட்டேன், தட்டினேன். இரண்டு கிழவர்களும் கோழித் தூக்கக்காரர்கள். பூனை நடந்தால் முழித்துக்கொள்வார்கள். கதவில் காதை வைத்தேன். ஒரு குறட்டை கேட்டது. இழுத்து இழுத்து, இடையில் நின்று நின்று வந்தது. ஒரே ஒரு குறட்டை. இன்னொருவருடைய மூச்சு எங்கே? பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் இருட்டில் கங்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. புகை இல்லை, தீ வாசம் இல்லை. என்ன நடக்கிறது என்று புரியாததுதான் பெரிய பயமாக இருந்தது. கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

தெருவுக்கு ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவை இடித்தேன். அக்காவும் அவளுடைய வீட்டுக்காரரும் வந்தார்கள். அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"உள்ள கங்கு இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"சன்னலு?"

"சாத்தியிருக்கும்போல. மாமா வாடைக்குப் பயந்து சாக்க வச்சு அடைச்சிருப்பாவ."

"ஏளா, நீ வெளியே ஓடி அந்தச் சாக்கப் பிடுங்கு" என்று மனைவியை விரட்டினார். "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டே அவள் ஓடினாள். அவர் எங்கள் உலக்கையை எடுத்துக் கதவில் மோதினார். மூன்றாம் அடியிலோ நாலாம் அடியிலோ தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது.

மாமா கதவுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார், கை தாழ்ப்பாள் பக்கம் நீண்டிருந்தது. பெரிய மாமா பாயில் மல்லாந்திருந்தார். குறட்டை அவருடையது. அண்ணாச்சி மாமாவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அங்கே தூறலில், ஈரத் தரையில் கிடத்தினார். அடுத்தாற்போல் நானும் அவரும் பெரிய மாமாவை இழுத்துவந்தோம்.

எனக்குத் தாங்கவில்லை. எந்தக் காற்றுக்குப் பயந்து இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தேனோ, அந்தக் காற்றிலேயே கொண்டுபோய்ப் போட்டாகிவிட்டது.

"அண்ணாச்சி, குளிருல செத்துப்போவாவ. அடுப்படிக்காவது கொண்டுபோவோம்."

"கொண்டு போகாத. இந்தக் காத்துதான் வேணும். முன்ன ஒருக்க தோணியில சமையக்காரன் மழைக்குக் கதவ மூடிட்டு கங்குப் பக்கத்துல படுத்தான். விடிஞ்சு பாத்தா ஆளு இல்ல. புகையாத கங்குதான் ஆளக் கொல்லும். மேல துணியப் போடு, மூஞ்சிய மூடாத."

கம்பளியை இருவர் மேலும் சேர்த்து விரித்தேன். முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் அவர்களுடைய மூக்கருகே மாறி மாறி விரலை வைத்துப் பார்த்தேன். என் விரலே விறைத்துப்போய், மூச்சு படுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கொழும்பில் இருப்பவருக்கு என்ன பதில் சொல்வேன்? ஊர் என்ன சொல்லும்? அந்த நேரத்தில் இந்த நினைப்பும் வந்தது என்பதை மறைப்பானேன்.

மாமாதான் முதலில் அசைந்தார். ஒருக்களித்துச் சாய்ந்து வாந்தி எடுத்தார். தலை பிளக்குது, தலை பிளக்குது என்று குழந்தை மாதிரி அழுதார். அக்கா ஜட்கா பிடித்துக்கொண்டு போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அதற்குள் இருட்டிவிட்டது. டாக்டர் பெரிய மாமாவின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"கரியிலேர்ந்து வர்ற நச்சுக் காத்தும்மா. வாசனை இருக்காது. பெரியவர் அதிகமா உள்ள இழுத்துட்டார். வெளியே கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. முழிச்சா பிழைப்பார்" என்றார்.

முழிச்சா. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துபோட்ட வீட்டில், பெரிய மாமாவைத் துணிகளால் சுற்றி, அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அவருடைய கையைத் தேய்த்தோம். மாமா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்னல் திறந்திருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விடிந்து, கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு பெரிய மாமா கண்ணைத் திறந்தார். என்னை யார் என்று தெரியாமல் பார்த்தார். பிறகு, "பசிக்குதுளா" என்றார்.

பிழைத்தார். ஆனால் பழைய ஆள் திரும்பி வரவில்லை. கை நடுங்கியது. சொற்கள் அவருக்குப் பாதியில் தப்பிப்போயின. செம்பைக் காட்டி அது என்பார், தம்பியைக் காட்டியும் அது என்பார். அதன் பிறகும் சில மழைக்காலங்கள் இருந்தார். கடைசியில் போனது நல்ல சித்திரை வெயிலில்.

எனக்கு அந்த வீட்டில் நிம்மதியான தூக்கம் என்பது அதோடு போயிற்று. பிய்ந்த தாழ்ப்பாளை மறுபடி வைக்க விடவில்லை. மாமா கோபித்தார், அறைக்குத் தாழ் இல்லாமல் இருப்பது வீடா சத்திரமா என்றார். நான் மசியவில்லை. கங்குச் சட்டியைக் கொல்லையில் போட்டு உடைத்தேன். பழைய வேட்டிகளை மூன்று மடிப்பாகச் சேர்த்துத் தைத்து இருவருக்கும் உள்சட்டை செய்தேன். காலுக்கு வெந்நீர் வைத்தால் முதலில் என் முழங்கையை விட்டுப் பார்ப்பேன். வெயில் எட்டிப் பார்த்தால் போதும், இருவரையும் தெற்குச் சுவரோரம் கொண்டு உட்கார்த்திவிடுவேன். நான் வெளியே போனால் அக்கா வந்து ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவாள்.

அந்த மழைக்காலம் ஓய்ந்து, தை பிறந்து வெயில் காய்ந்த ஒரு நாள், நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும்போது மாமா மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுளா."

கையில் அகப்பை நின்றுவிட்டது.

"கேட்டுச்சு. கதவுகிட்ட வந்துட்டேன். கைய நீட்டுதேன், கை வரல. வாயத் திறக்கேன், சத்தம் இல்ல. நீ தட்டுத. பொறவு சத்தத்தக் காணும். போயிட்டாளேன்னு நெனச்சேன். அதுதான் பயம். சாவு பயமில்ல."

"ஆளக் கூப்பிடப் போனேன் மாமா."

"இப்பத் தெரியுது. அன்னைக்குத் தெரியலல்லா."

பக்கத்தில் பெரிய மாமா கஞ்சியைச் சிந்திக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா அவருடைய தாடையைத் துண்டால் துடைத்துவிட்டார்.

அன்றிலிருந்து மாமாவிடம் ஒரு பழக்கம் வந்தது. நான் அடுப்படியிலிருந்தோ தெருவிலிருந்தோ கூப்பிட்டால், வாயில் சோறு இருந்தாலும் சரி, பாதித் தூக்கத்தில் இருந்தாலும் சரி, உடனே சத்தமாகப் பதில் சொல்வார்.

"இருக்கேன்ளா. ரெண்டு பேரும் இருக்கோம்."