மேல் துண்டில் ஒரு பொட்டு

பேல், அதாவது சரக்கு மூட்டை, கட்டுகிறவன் வேலை லாரி வரைக்கும்தான். அதற்கு மேல் சரக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் இருபத்தாறு வருடம் துண்டு மடித்து பேல் கட்டினேன். சரக்கு அனுப்பும் வேலை பார்த்த எவருக்கும் இந்தத் தவிப்பு புரியும்.

ஏழு எழுத்து

எழுபதுகளின் கடைசியில் எங்கள் துண்டு முதல்முறையாக ஜெர்மனிக்குப் போனது. பேலின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து ஊர்ப்பெயருக்கு மையடிப்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏழு எழுத்தும் விழுந்திருக்கிறதா என்று எண்ணிக்கொள்வேன். முதலாளி மகள் ஆவுடை பாளையங்கோட்டையில் பி.காம். கடைசி வருடம். லீவுக்கு வந்தவள் அதை ஹாம்பர்க் என்று வாசித்தாள். அங்கே குளிர் அதிகமோ என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. பேலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம துண்டு போற ஊரு நமக்கே தெரியலையே, அண்ணாச்சி."

கறை

புது ஆர்டர் என்றால் பேலின் மேல் துண்டில் சந்தனம் குங்குமம் வைப்பது பட்டறை வழக்கம். ஜெர்மனிக்குப் போன பன்னிரண்டு பேலுக்கும் நான்தான் வைத்தேன், வட்டம் பிசகாமல்.

நாலு மாதம் கழித்து, ஆர்டர் பிடித்துத் தந்த மதுரை ஏஜெண்டு வந்தார். துண்டில் கறையாம், அடுத்த ஆர்டர் கிடையாதாம். முதலாளி எண்ணெய்க்கசிவு இருக்குமோ என்று தறிதறியாகப் பார்த்தார். பிறகுதான் கறை எங்கே என்று கேட்கத் தோன்றியது. பேலுக்கு ஒன்று, மேல் துண்டில், சிவப்பாக என்றார் ஏஜெண்டு. முதலாளி தறியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"கறையா? வே, அது அம்மன் குங்குமம்லா."

மேல்படிப்பு

வாங்குகிறவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள் என்று ஏஜெண்டிடம் சொன்னாள், மறுபடி லீவுக்கு வந்திருந்த ஆவுடை. ஏஜெண்டு அவரைப் பார்த்ததே இல்லையாம். ஏற்றுமதி செய்கிற பம்பாய்க்காரர் மூலம்தான் எல்லாம். பம்பாய்க்காரராவது பார்த்திருக்கிறாரா என்றால், அதுவும் தெரியவில்லை.

பி.காம். முடிந்ததும், மெட்ராஸில் வெளிநாட்டு வியாபாரத்துக்கென்றே மேல்படிப்பு இருக்கிறது, சேரப்போகிறேன் என்றாள். ஜெர்மனிக்குத் துண்டு போனால் போதும், பொம்பளைப் பிள்ளை போகவேண்டாம் என்றார் முதலாளி. மாப்பிள்ளை பார்க்கத் தரகரிடமும் சொல்லிவிட்டார். அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அவரே கேட்டார், எதுக்குட்டி அந்தப் படிப்பு, சம்பளத்துக்கா என்று. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் மடித்துக்கொண்டிருந்தேன்.

"அது கறை இல்லன்னு நேரா சொல்லுததுக்கு நம்மள்ல ஒரு ஆளு வேண்டாமாப்பா?"

ஸ்டேஷன்

 முதலாளி, வந்த வரன்காரர்களிடம் இரண்டு வருடம் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். அவள் படுக்கையையும் பெட்டியையும் என்னைத்தான் கட்டச் சொன்னார். ஸ்டேஷனில் நான்தான் பெட்டியை வண்டியில் ஏற்றினேன். வண்டி நகர்ந்ததும் முதலாளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"நம்ம துண்ட வாங்குதவன் எப்படி இருப்பான்னு பாத்துட்டு வந்து சொல்லு, தாயி."

வெளிநாட்டு வியாபாரத்திலேயே காலம் தள்ளிய நான் இன்றுவரை விருதுநகரைத் தாண்டியதில்லை.