நாற்பது நிமிடத் தூரம்

வேன் அக்கா என்றால்தான் அந்தப் பகுதியில் அவளைத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது தொழில். குறுக்கே புகுந்த பைக்காரன் எவனையாவது கண்ணாடியை இறக்கித் திட்டாமல் அவள் வீடு சேர்ந்ததில்லை. வீட்டுக்குள் மட்டும் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு மாற்றல் வாங்கியபோது, கணவன் போனில் வரைபடத்தைக் காட்டினான்.

"பாரு, ஒரே நேர்கோடு. இந்த ஏர்போர்ட்டுக்கும் அதுக்கும் இருநூறு கிலோமீட்டர்கூட இல்ல. ஏறி உக்காந்தா நாப்பது நிமிஷம். வாராவாரம் வந்துடுவேன்."

வாராவாரம் மாதாமாதமானது. பிறகு அதுவும் தேய்ந்தது. காற்று சரியில்லை என்பான், விமானம் ரத்து என்பான். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன அவன் அப்பாவைக் குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் அவள் தலையில் விழுந்தன. மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட அன்றும் அவன் அசையவில்லை.

"நீ பாத்துக்க மாட்டியா? நாப்பது நிமிஷம்தானே, அவசரம்னா ஓடி வந்துடமாட்டேனா?"

"அப்ப இது அவசரம் இல்லியா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

பள்ளி விடுமுறை விட்டதும் பெட்டி கட்டினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" என்றார் மாமனார்.

"உங்க பிள்ளைகிட்ட."

"நானும் வரேன். அவன் மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்தை கேக்கணும்."

விமானம் பறந்தது என்னவோ நாற்பது நிமிடம்தான். அதற்கு முன் சக்கர நாற்காலிக்குக் காத்திருந்தார்கள். காற்று அடங்கும்வரை ஓடுபாதையில் நிறுத்திவைத்தார்கள். இறங்கிய இடம் ஊருக்கு வெளியே, ஒரு டாக்சி இல்லை. காலையில் வீட்டைப் பூட்டியவர்கள் அவன் கதவைத் தட்டும்போது பொழுது சாய்ந்திருந்தது. அங்கே இன்னொருத்தி இருப்பாள் என்றே வழியெல்லாம் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. அகலமான புது சோபா, சுவரளவு டிவி, அதில் கிரிக்கெட். அரைக்கால் சட்டையில் அவன். ஒருத்தி இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கொதித்திருக்காது.

"என்ன, சொல்லாம கொள்ளாம..." என்று இழுத்தான். "வேலை ஜாஸ்தி. லீவு நாள்லயாவது கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்னு..."

"எனக்கு எந்த நாள் லீவு?"

அவன் கண் டிவி பக்கம் போனது.

"டேய், முதல்ல அந்த டிவிய அணை," என்றார் மாமனார். "அம்மா, நீ ஊருக்குப் போ. நான் இங்கயே இருக்கேன். நான் பெத்தவன் என்னைக் குளிப்பாட்டட்டும்."

"அப்பா, எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல."

"நான் மட்டும் பழகிட்டா வந்தேன்?" என்று மருந்துப் பையை சோபாவில் வீசினாள் அவள்.

மறுநாள் அவள் மட்டும் விமானம் ஏறினாள். ஆத்திரத்தில் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவனே மாற்றல் கேட்டு வாங்கி, அப்பாவோடு வந்து இறங்கினான். ஆள் பாதியாகியிருந்தான். ஏர்போர்ட்டுக்கு வேனோடு போனவள் மாமனாரைத் தாங்கி முன்சீட்டில் உட்கார்த்தினாள்.

"நல்லா பாத்துக்கிட்டாரா மாமா?"

"முதுகு தேய்க்க இப்பதான்மா அவனுக்குக் கை வந்திருக்கு."

கணவன் பின்னால் போய், பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனபின் மெல்லக் கேட்டான்:

"இன்னும் கோவமா?"

"ஆமா," என்று கியரை மாற்றினாள்.