பெரிய மனுஷன் எந்த டம்ளர்ல

எங்க மாமாவுக்கு கடையில பேரு மூக்கு. மதுக்கடை கவுண்டர்ல நிக்கிறதுதான் வேலை. ஆனா புகை வாசனை அடிக்கிற ஸ்காட்ச் வாங்க வர்றவங்க முதலாளியத் தாண்டி நேரா அவர்கிட்டதான் போவாங்க. சதுப்பு மண்ண எரிச்சு, அந்தப் புகையில தானியத்தக் காயவச்சுப் பண்ற சிங்கிள் மால்ட். அதுல எது நல்லது, எது குடுத்த காசுக்குத் தகும்னு மாமா சொன்னா சொன்னதுதான்.

அவர் குரல நான் அப்படியே பண்ணுவேன். தொண்டையச் செருமிட்டு மூக்கால இழுக்கணும். "சார், வயசுக்குக் காசு குடுக்காதீங்க, புகைக்குக் குடுங்க. வயசாக ஆக புகை அடங்கிடும், என்னை மாதிரி." வீடே சிரிக்கும். அத்தைதான் அதிகமா சிரிப்பாங்க.

அத்தைக்கு அந்த வாசனையே ஆகாது. டயரக் கொளுத்தி ஆஸ்பத்திரி பஞ்சால அணைச்ச மாதிரி இருக்குன்னு மூக்கப் பொத்திக்குவாங்க. ஆனா பரீட்சை வைக்கிறது அவங்கதான். பாட்டிலப் பாத்தா நாக்கு பொய் சொல்லும்னு மாமா கட்சி. அதனால மாமா வாங்கி வச்சிருக்கிற மூணு பாட்டிலையும் அத்தை சமையக்கட்டுல வச்சே டம்ளர்ல ஊத்திக் கொண்டாருவாங்க. மூணுக்கும் வீட்டுல பேரு உண்டு: விலை கம்மியானது பச்சை பாட்டில், நடு விலையில லேசா உப்புக் கரிக்கிறது உப்புக்காரன், வயசான விலை ஒசந்தது பெரிய மனுஷன். எது எதுன்னு எங்கயும் குறிச்சு வைக்க மாட்டாங்க, மாமா திருட்டுத்தனமா பாத்துடுவாராம். எல்லாம் மனசுலதான்.

"எதுங்க பெரிய மனுஷன்?" அப்படின்னு கேப்பாங்க. கேள்வியோட வால மட்டும் லேசா மேல தூக்குவாங்க. மாமா ஒரு டம்ளரத் தொட்டதும், சரியோ தப்போ, முதல்ல ஒரே பதில்தான்: "தப்பு. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க." கழுவிட்டு வந்தும் அதையே தொட்டாத்தான் உண்மையச் சொல்லுவாங்க. பாதி நாள் பயந்துபோய் மாத்தித் தொட்டு மாட்டிக்குவார்.

கடைசிப் பரீட்சை அன்னிக்கு மாமா வர லேட்டாயிடுச்சு. வாசனை போயிடக் கூடாதேன்னு அத்தை மூணையும் மூணு மருந்துக் குப்பியில ஊத்தி மூடி வச்சிருக்காங்க. மாமா வந்து பாத்தா அத்தை அடுப்படியில விழுந்து கெடக்குறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க வீடு திரும்பல.

குப்பி மட்டும் அலமாரியில அப்படியே இருந்துச்சு. கடை பாட்டில்ல இருந்து கொஞ்சம் ஊத்தி ஒப்பிட்டுப் பாத்தா எந்தக் குப்பியில எதுன்னு தெரிஞ்சிடுமேன்னு ஒருநாள் சொன்னேன். அது காப்பி அடிக்கிறதுன்னு மாமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். அத்தை குரல மட்டும் மாமா வீட்டுல பண்ணித் தொலைக்காதன்னு அம்மா எனக்குத் தனியா கண்டிஷன் போட்டிருந்தாங்க. நானும் பண்ணல.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாமாவே வரச் சொன்னார். போனா, மேஜையில மூணு டம்ளர், ஊத்தி ரெடியா இருக்கு, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் அதோட காலிக் குப்பி.

"அவ மாதிரி கேளு."

அம்மா திட்டுவாங்கன்னேன். அவர் டம்ளர நேரா தள்ளி வச்சுட்டு உக்காந்திருந்தார். வாலத் தூக்கிக் கேட்டேன்.

"எதுங்க பெரிய மனுஷன்?"

கண்ண மூடிட்டார். ஒவ்வொண்ணா மோந்து, நடு டம்ளரத் தொட்டார்.

"தப்பு. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க."

மாமா சிரிச்சார். அத்தை போனப்புறம் அவர் சிரிச்சு அன்னிக்குத்தான் பாக்குறேன். எந்திரிச்சுப் போனார். பைப் ரொம்ப நேரம் ஓடிச்சு. வந்தவர் துடைக்கக்கூட இல்ல, மோவாயிலருந்து தண்ணி சொட்டுது. அதே டம்ளர்ல கை.

"இதான். இந்தத் தடவ மாத்த மாட்டேன். சொல்லு."

என் வாயையே பாத்துட்டு இருந்தார். அத்தை குரல்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வாயத் திறந்தா என் குரல்தான் வந்துச்சு.

"தெரியல மாமா."

டம்ளர்லருந்து கைய எடுத்தார். அப்புறம் மூணையும் அதது குப்பியில திருப்பி ஊத்தி மூடினார். ஒரு சொட்டு சிந்தல.