பட்டைக்கு அடியில இருந்த சுவிட்ச்

இருபது வருஷமா கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல கடை. செத்துப் போச்சுன்னு கொண்டு வந்து போட்டதையெல்லாம் எத்தனையோ எழுப்பி அனுப்பியிருக்கேன். என் கையால கொன்னது ஒன்னே ஒன்னு. அது எங்கண்ணனோடது.

அண்ணனுக்கு மைக் வேலை. ஊர்ல வண்டியில விளம்பரம் போகுதே, அதுல பாதிக்கு மேல அவர் குரல்தான். வெங்காய வண்டி, ஜவுளிக் கடை ஆட்டோ, பழைய இரும்பு எடுக்கிற வண்டி. பௌர்ணமிக் கூட்டத்துல தொலைஞ்ச குழந்தைங்க பேரைப் படிக்கிறதும் அவர்தான். அடி அண்ணாமலையில வீடு. முன் ரூம் கதவுக்குப் பழைய மெத்தையை அடிச்சு, ஒரு மைக்கும் ஒரு கம்ப்யூட்டரும் வச்சுக்கிட்டு அங்கயே ரெக்கார்டு பண்ணுவாரு. நான் கடை போட்ட புதுசுல அவருக்குப் பூட்டிக் குடுத்த கம்ப்யூட்டர் அது. வெள்ளையா இருந்த பெட்டி மஞ்சளாயிடுச்சு. மாத்துண்ணா மாத்துண்ணான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "என் குரல் இதுல உக்காந்துடுச்சுடா, வேற எதுலயும் உக்காராது"ம்பாரு.

போன வருஷம் ஆயுத பூஜை கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும். தொண்டையில கட்டின்னு போனவருக்கு, குரல்வளையையே எடுக்கணும்னுட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை, இனி அது வழியாத்தான் மூச்சு. பேச்சே கிடையாது. கேட்டுட்டு வந்து பைக்ல ஏறி உக்காந்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசல. பேச முடிஞ்ச காலத்துலயே பேசாம வந்தாரு பாருங்க.

அவர் பொண்ணு அப்ப நாலு மாசம் முழுகாம இருந்துச்சு. எங்க வீட்ல பேர் வைக்கிற அன்னிக்கு, பொண்ணைப் பெத்தவர்தான் பேரப்புள்ளை காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். ஆபரேஷனுக்கு வேலூருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள், பகல் பூரா மெத்தைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தாரு. ஆம்பளைப் புள்ளைன்னா ஒரு பேரு, பொம்பளைப் புள்ளைன்னா ஒரு பேரு. அப்புறம் அந்தப் புள்ளைகிட்ட பேச வேண்டியது எல்லாம். வெளிய வந்து, "மைக்ல குடுத்துட்டேன்டா, அன்னிக்கு நீதான் போட்டு விடணும்"னாரு.

"போன்லயும் ஒரு தடவை பேசி வையேண்ணா"ன்னேன்.

"போன்ல பேசுறது பேச்சு. மைக்ல பேசுறதுதான்டா குரல்." அந்த நிலைமையிலயும் மனுஷனுக்கு அந்தத் திமிரு போகல.

அந்த ரெக்கார்டிங்கை ஒரு காப்பி எடுத்து வைக்கணும்னு எனக்குத் தோணுச்சா? தோணல. ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் காப்பி எடு, காப்பி எடுன்னு தொண்டை கிழியக் கத்துறவன் நான்.

ஆபரேஷன், அப்புறம் கரண்டு வைக்கிறதும்பாங்களே, அந்த ரேடியேஷன்னு ரெண்டு மாசத்துக்கு மேல வேலூர்லயே ஓடிடுச்சு. வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில அண்ணி போன் பண்ணாங்க. "தம்பி, அந்தப் பொட்டி எழவே மாட்டேங்குது. உங்கண்ணன் அது முன்னாடியே உக்காந்துனு இருக்காரு, டீ கூடக் குடிக்கல. கொஞ்சம் வாப்பா."

போனேன். கழுத்துல வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு, மடியில ஒரு நோட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் எழுதிக் காட்டினாரு: "குரல் போயிடுச்சா?"

"என்னாண்ணா நீ, இரு, மொதல்ல பாப்போம்"னு சொல்லி உக்காந்தேன். பிளக் பாயிண்ட்ல டெஸ்டர் வச்சேன், கரண்டு வந்தது. வயரை மாத்திப் போட்டேன். பட்டனை அமுக்கினா ஒரு சத்தமும் இல்ல. பெட்டியைக் கழட்டினா உள்ள தூசியும் பல்லி எச்சமும். எஸ்எம்பிஎஸ்னு ஒரு தகரப் பெட்டி இருக்கும், வீட்டுக் கரண்டை வாங்கி உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிறது. அதைத் தனியா உருவி, அண்ணிகிட்ட ஒரு ஹேர்பின் வாங்கி, பச்சை வயரையும் கறுப்பையும் சேத்துப் பாத்தேன். உயிர் இருந்தா ஃபேன் சுத்தணும். சுத்தல. மூடியைத் திறந்தா கெபாசிட்டர் எல்லாம் தலை உப்பி, பழுப்பா கக்கி வச்சிருந்துச்சு. வயசாகி, சும்மா கிடந்து போன சாவு.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. "இதுக்கா இப்படி உக்காந்திருக்க? இது வெறும் கரண்டுப் பெட்டிண்ணா. உன் குரல் இருக்கிறது டிஸ்க்குல. அதுக்கு ஒரு கேடும் இல்ல. அரை மணி நேரம் இரு, கடைக்குப் போயி வேற எடுத்தாரேன்."

ஆபரேஷனுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் மொத தடவையா சிரிச்சாரு. சத்தம் இல்லாத சிரிப்பு.

இந்த மாதிரிப் பழசுக்குப் பொருந்துற எஸ்எம்பிஎஸ் இப்ப புதுசா வர்றதில்ல. கடை அலமாரியில நல்லதா ஒன்னு எடுத்து வச்சிருந்தேன், பல தடவை ஓட்டிப் பாத்தது. ஆயுத பூஜைக்கு வச்ச விபூதிப் பட்டையும் குங்குமமும் அதும் மேல அப்படியே இருந்துச்சு. பூஜைக்கு வச்சதைத் துடைக்க மனசு வராது எனக்கு, தானா உதிரட்டும்னு விட்டுடுவேன். அப்படியே பையில போட்டுக்கிட்டு வந்தேன்.

என் கடையில ஒரு சட்டம் உண்டு. எந்த எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தாலும் மொதல்ல எதையும் மாட்டாம வெறுமனே ஓட்டணும், மீட்டர் வச்சுப் பாக்கணும். அப்புறம்தான் போர்டை மாட்டணும். டிஸ்க் கடைசியில. இதை மீறினவனை நான் பேசுற பேச்சைக் காது குடுத்துக் கேக்க முடியாது. அன்னிக்கு அண்ணன் என் தோள் மேல கை வச்சுக்கிட்டு நின்னாரு. சீக்கிரம் கேக்க வச்சுடணும்னு ஒரு வேகம். ஓட்டிப் பாத்த சாமான்தானேன்னு ஒரு மெதப்பு. எல்லா வயரையும் ஒட்டுக்கா மாட்டிட்டு சுவிட்சைப் போட்டேன்.

டப்புன்னு வெடிச்சுது. பின்னாடி இருந்து நெருப்பு ஒரு விரல் நீளத்துக்கு வந்துட்டுப் போச்சு. கருகின நாத்தம் ரூம் பூரா. அண்ணி "ஐயோ"ன்னு ஓடி வந்தாங்க. என் தோள் மேல இருந்த கையை அண்ணன் எடுத்துட்டாரு.

டிஸ்க்கைக் கழட்டி மூக்குகிட்ட கொண்டு போனேன். அதுலயும் அதே நாத்தம். "கடையில வச்சுப் பாத்துட்டு வரேண்ணா"ன்னு மொகத்தைப் பாக்காம கிளம்பிட்டேன். கடையில வேற கம்ப்யூட்டர்ல மாட்டினேன். சுத்தல. காதுல வச்சுக் கேட்டேன், ஒரு முனகல் கூட இல்ல.

அப்புறம்தான் அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிப் பாத்தேன். பழைய பெட்டியில பின்பக்கம் சின்னதா ஒரு செவப்பு சுவிட்சு இருக்கும், பக்கவாட்டுல தள்ளுறது. நம்ம ஊர் கரண்டுக்கு 230ல நிக்கணும். வெளிநாட்டுக் கரண்டுக்கு 115. பட்டை சரியா அதும் மேல ஓடியிருந்துச்சு. நடுவுல குங்குமம். செவப்பு மேல செவப்பு, கண்ணுக்கே தெரியல. நகத்தால சுரண்டினேன். 115.

மூணு விரலால விபூதியைத் தொட்டு ஒரே இழுப்பா இழுக்கிற பட்டை. இழுத்தது நான். அந்த இழுப்புல சுவிட்சும் கூடவே வந்துடுச்சு. சாமிக்குன்னு ஆசையா இழுத்தேன், நல்லா அழுத்தி. வெறுமனே ஓட்டிப் பாத்திருந்தா அந்தத் தகரப் பெட்டி மட்டும் வெடிச்சிருக்கும், நான் நாலு கெட்ட வார்த்தை பேசிட்டு வேற தேடியிருப்பேன். பேசினேன். என்னையே பேசிக்கிட்டேன். ஷட்டரை இறக்கி விட்டுட்டு உக்காந்து அழுதேன்.

அந்த டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு சென்னைக்கு ரெண்டு தடவை போனேன். டிஸ்க்கோட அடியில இருக்கிற போர்டை மாத்திப் பாத்தாங்க. உள்ளயே போயிடுச்சு, விட்டுடுங்கன்னாங்க.

அண்ணன்கிட்ட போயி நின்னேன். கரண்டு ஜாஸ்தி வந்துடுச்சுன்னு சொல்லலாம்னுதான் வழி பூரா நெனச்சுக்கிட்டுப் போனேன். வாய் வரல. பட்டையில இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். நோட்டை எடுத்தாரு, பேனா மூடியைக் கழட்டினாரு, திரும்பவும் மாட்டிட்டு நோட்டை மூடி வச்சாரு.

"திட்டுண்ணா. எழுதியாவது திட்டு"ன்னேன்.

அந்த நேரம் பாத்து தெருவுல வெங்காய வண்டி வந்துச்சு. "வாங்கம்மா வாங்க, நாசிக் வெங்காயம், நயமான வெங்காயம், பாத்து எடுங்க, பொறுக்கி எடுங்க." அண்ணன் குரல். ஜம்முன்னு, கணீர்னு. அண்ணி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. வண்டி முனை திரும்புற வரைக்கும் அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எழுந்து போயி ஜன்னலைச் சாத்தினாரு.

பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. பேர் வைக்கிற அன்னிக்கு வீடு நெறைய சனம். நான் வாசல்லயே செருப்புகிட்ட நின்னுக்கிட்டேன். அண்ணன் புள்ளையை மடியில வாங்கி, காதுகிட்ட குனிஞ்சாரு. உதடு மூணு தடவை அசைஞ்சுது. அவருக்கு வாயில காத்து கூட வராது. மூணு தடவையும் கழுத்துத் துணிதான் மேல எழும்பி எழும்பி அடங்கிச்சு. புள்ளை பாட்டுக்குத் தூங்குது.

நிமிந்து சனத்துக்குள்ள தேடி என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாரு. போனதும் மணிக்கட்டைப் பிடிச்சு உக்கார வச்சு, நோட்டை நீட்டினாரு. அதுல அந்தப் பேரு.

"நான் வேணாண்ணா. வேற யாரு வேணா சொல்லட்டும். உன் கால்ல விழறேன், நான் வேணாம்."

பிடியை விடல. தலையை ஆட்டினாரு, சொல்லுன்னு.

சொன்னேன். மொத தடவை எனக்கே கேக்கல. ரெண்டாவது தடவை கம்மிப் போச்சு. மூணாவது தடவை கொஞ்சம் சத்தமா வந்துடுச்சு. புள்ளை கண்ணைத் திறந்து, அவர் மடியில படுத்துக்கிட்டே, என் பக்கம் திரும்பிச்சு.