நின்றவர்களை மட்டும் பிடித்த கேமரா

ஜீப் வாங்குகிறவன் அதை ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டான். கியர் மாற்றிப் பார்ப்பான், மேட்டில் ஏற்றிப் பார்ப்பான். ஓட்டத் தெரியாதவன்கூடத் தெரிந்த ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு போவான். திருப்பதியில் இன்பசேகரன் கேமரா வாங்கிய அன்று கூடப் போனவன் நான். அப்போதே பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கடைக்காரன் மேல் எனக்குக் கோபம் உண்டு. என் மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரியது. இத்தனை வருஷத்தில் அது ஒரு பொட்டும் குறையவில்லை.

சேகரன் சித்தூர்க்காரன். அவன் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர். மகனுக்கு அந்த வாசனையே ஆகாது. பத்தாவது முடித்ததும் ஒரு ஸ்டுடியோவில் போய் ஒட்டிக்கொண்டான். ஃபிலிம் கழுவக் கற்றான், சர்ச் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தான். தொண்ணூற்றிரண்டு வாக்கில் பெங்களூரிலிருந்து காரில் வருகிற கூட்டம் பெருகியது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பதி என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். சேகரன் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கோயில் குளத்தருகே நின்றான். நான் சித்தூருக்கும் காணிப்பாக்கத்துக்கும் ஜீப் ஓட்டினேன். காலையில் அவனை ஏற்றிப் போவதும் சாயங்காலம் இறக்கிவிடுவதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் என்பதால் ஆராதனை முடிவதற்குள் சர்ச்சிலிருந்து நழுவி வந்துவிடுவான். தேங்காய் விற்கிற மணியம்மா அவனைப் பார்த்ததும், "வந்துட்டாரு பாரு, ஏசுகிட்ட லீவு சொல்லிட்டு புள்ளையாராண்ட டூட்டிக்கு" என்பாள். அவன் அவளைப் படம் எடுப்பதுபோலப் பாவனை காட்டுவான். ஃபிலிமை வீணாக்க மாட்டான்.

வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் காணிப்பாக்கம் கிடையாது. பொங்கல் கழிந்ததும் எங்கள் ராமகுப்பம், சாந்திபுரம் பக்கம் ஊர் ஊராக மாடு விடுவார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய சந்தில் ஒவ்வொரு மாடாக அவிழ்த்துவிட்டு, கோட்டைத் தாண்ட எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். எங்கள் ஜனத்துக்கு நேற்றுவரை சொந்த நிலம் கிடையாது. இன்று அரை ஏக்கரும் ஒரு மாடும் சம்பாதித்தவன் வீட்டு நடுக்கூடத்தில் கல்யாணப் படம் இருக்கிறதோ இல்லையோ, மாடு ஓடுகிற படம் இருக்கும். முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும், முகம் தெரிய வேண்டும், கொம்பில் ஜோடித்துக் கட்டிய பலகை தெரிய வேண்டும். நிற்கிற மாட்டைப் படம் எடுத்து மாட்ட மாட்டார்கள். செத்துப்போன மாட்டைத்தான் அப்படி மாட்டுவது.

அந்தப் படத்தில் சேகரனை மிஞ்ச ஆள் கிடையாது. டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நிற்பான். மாடு வருகிறபோது எல்லோரும் கத்துவார்கள், அவன் மட்டும் மூச்சை நிறுத்திக்கொள்வான். ஒரு மாட்டுக்கு ஒரு அமுக்கு. கழுவிப் பார்த்தால் மாடு அந்தரத்தில் நிற்கும்.

இரண்டாயிரத்து ஐந்தில் எல்லாம் தலைகீழாயிற்று. காணிப்பாக்கத்தில் இரண்டு பேர் டிஜிட்டல் கேமராவும் சின்ன பிரிண்டரும் வைத்துக்கொண்டு ஐந்தே நிமிஷத்தில் படத்தைக் கையில் கொடுத்தார்கள். சேகரனின் படம் சித்தூர் போய்க் கழுவி மறுநாள் வர வேண்டும். யார் காத்திருப்பார்கள்? வாரக்கணக்கில் ஒரு ஃபிலிம் சுருள்கூட முடியவில்லை. அவன் பெண்டாட்டி யூனிஸுக்குக் குவைத்தில் அக்கா இருந்தாள், வீட்டு வேலைக்கு. அங்கிருந்து இவளுக்கும் விசா அனுப்பத் தயார் என்று தகவல் வந்தது. குழந்தை இல்லாத வீடு, இருப்பது இரண்டு பேர். யூனிஸ் என்னிடம் ஒருநாள், போக எனக்கு மட்டும் ஆசையா அண்ணா, இங்கே அடுப்பு எரிந்தால் நான் ஏன் போகிறேன் என்றாள். சேகரன் பொங்கல் வரைக்கும் தவணை கேட்டான். புதுக் கேமரா வாங்கி லீவுக் கூட்டத்தையும் மாட்டுப் படத்தையும் பிடித்துவிட்டால் அவள் போக வேண்டாம். முடியாவிட்டால் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொள்ளலாம். அதுதான் பேச்சு.

கார்த்திகையில் ஒரு நாள் திருப்பதி போனோம். கடைக்காரன் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தான். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று புத்தம் புதுசு, எட்டு மெகாபிக்சல். அமுக்குவதற்கு முன்பே பின்பக்கத் திரையில் படம் தெரியும், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்தும் காட்டும். இன்னொன்று யாரோ வைத்திருந்தது, பெரிசு, லென்ஸைக் கழற்றி மாட்டலாம், ஆறுதான். திரையில் முன்கூட்டி ஒன்றும் தெரியாது, பழைய கேமரா மாதிரி கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எட்டு இருக்கும்போது ஆறு எதற்கு என்று கடைக்காரன் தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னான். ஃபிலிம் கேமராவையும் ஃபிளாஷையும் கொடுத்துவிட்டால் பிரிண்டரையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னான்.

சேகரன் என்னைச் சுவரோரம் நிறுத்தினான். நானும் எல்லோரையும்போல இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றேன். பெரியதில் ஒன்று எடுத்தான். டக் என்று சத்தம், அவ்வளவுதான். சின்னதில் எடுத்தான். அமுக்கினான், திரை ஒரு மூச்சு நேரம் இருண்டது, பிறகுதான் சத்தம் வந்தது. கிளட்ச் தாமதமாகப் பிடிக்கிற வண்டி மாதிரி. என் காதுக்கு அது தெரிந்தது. ஆனால் திரையில் பார்த்தால் என் மீசையில் ஒவ்வொரு மயிரும் தெளிவாகத் தெரிந்தது. வெளியே ரோட்டில் போகிற பஸ்ஸை ஒன்று எடுத்துப் பார்க்கிறேன் என்று சேகரன் கேட்டான். சாமானை வாசல் தாண்டிக் கொண்டுபோக விடமாட்டோம் என்றான் கடைக்காரன். சேகரன் என் பக்கம் திரும்பினான்.

"இன்னா ரங்கா சொல்ற?"

ஐந்தாவதோடு நின்றவன் நான். எட்டுக்கும் ஆறுக்கும் நடுவில் மெகாபிக்சலைப் பற்றி நான் என்ன சொல்வது? "எட்டுதான பெருசு" என்றேன்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. லீவுக்கு வந்த பிள்ளைகள் திரையில் தங்களையே பார்த்துக் குதித்தார்கள். வரிசையில் நிறுத்தி, கையில் பிரசாதப் பையோடு எடுத்து, குளத்தைச் சுற்றி வருவதற்குள் படத்தைக் கொடுத்தான். காணிப்பாக்கத்துக்கு வருகிறவன் கேமராவைப் பார்த்தால் கம்பம் மாதிரிதான் நிற்பான். ஓடுகிற பிள்ளைகளை எடுத்தால் மட்டும் வெறும் படிக்கட்டு வந்தது. பிள்ளைகள் நிற்க மாட்டேன் என்கிறார்கள் என்று அவர்கள் மேலேயே பழியைப் போட்டான். நானும் சிரித்தேன். யூனிஸ் குவைத் மருத்துவப் பரிசோதனைக்குப் போகாமல் தள்ளிப்போட்டாள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பினாள்.

தை மாதம் ராமகுப்பம் பக்கம் முதல் ஊர். விழாக் கமிட்டித் தலைவர் கோவர்த்தனன். இந்த ஊரில் படம் சரியாக வந்தால் சுற்றுவட்டம் எட்டு ஊருக்கும் உனக்கே பேசி வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவருடைய மாடு கருடன் இரண்டு வருஷமாக முதல் பரிசு. நாற்பது மாட்டுக்கு மேல் வந்திருந்தது. சேகரன் வழக்கம்போல் டிரெய்லர் மேல் ஏறினான், நான் கீழே பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் மாடு வந்தது. அமுக்கினான். திரையில் வால் மட்டும். இரண்டாவதில் புழுதி. மூன்றாவதுக்கு முன்கூட்டியே அமுக்கினான், வெறும் சந்தும் ஜனங்களின் கையும் விழுந்தன. விடாமல் அமுக்கிப் பார்த்தான். மூன்று படம் எடுத்துவிட்டு கேமரா கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திக்கொண்டது. அதற்குள் இரண்டு மாடு தாண்டிப் போய்விட்டன. வியர்வை அவன் மூக்கிலிருந்து திரைமேல் சொட்டியது, சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். கருடன் வந்தபோது ஜனம் எழுப்பிய சத்தத்தில் டிரெய்லரே ஆடியது. கருடனும் போயிற்று. திரையில் பின்தொடையும் வாலும்.

கோவர்த்தனன் வந்து காட்டச் சொன்னார். பார்த்தார். நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"நடூட்டுல வாலையா மாட்டச் சொல்ற சேகரு?" என்றார்.

"சாணி அள்ள வந்தவன்கூட மூஞ்சிய பாத்துட்டான் ரெட்டிகாரு" என்றான் பின்னால் ஒருத்தன். அவர் ரெட்டி இல்லை, எங்கள் ஜனம்தான். கிண்டலுக்கு அப்படிச் சொல்வது வழக்கம். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சேகரன் டிரெய்லரிலிருந்து இறங்கி, மாட்டை இன்னொரு தரம், ஒரே ஒரு தரம் விடுங்கள் என்று கேட்டான். கோட்டைத் தாண்டிய மாட்டுக்குக் கொம்புப் பலகையைக் கழற்றி, திருஷ்டி கழித்தாயிற்று என்றால் அன்றைக்கு அது மறுபடி சந்துக்குள் இறங்காது. இறக்கினால் மாடு தங்காது என்பார்கள். அது சேகரனுக்கும் தெரியும். தெரிந்தும் குனிந்து அவர் காலைத் தொட்டான். யார் காலையும் தொடாத ஆள் அவன், அவர்கள் வேதத்தில் அது கிடையாது. கோவர்த்தனன் காலை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து சாந்திபுரத்தில் மாடு விட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. மாடு நேராகத் தன்னைப் பார்த்து வந்தால் எப்போது அமுக்கினாலும் முகம் விழும் என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டான். மூங்கிலைத் தாண்டிச் சந்துக்குள் இறங்கி நடுவில் மண்டி போட்டான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்து பாதி என் கையோடு வந்தது. மாடு அவனை முட்டவில்லை, தாண்டத்தான் பார்த்தது. குளம்பு தோளில் பட்டு அவன் சுழன்று விழுந்தான். வலது தோள் எலும்பு இரண்டாக உடைந்தது. ஜீப்பில் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் இடது கையால் அந்தப் படத்தைத் தேடிக்கொண்டே வந்தான். கிடைத்தது. வானம். ஒரு மூலையில் மூங்கில் நுனி.

மீதி ஊர்களுக்குப் பலமனேரிலிருந்து ஒருத்தன் வந்தான். அவன் கையில் இருந்தது கடையில் நாங்கள் வேண்டாம் என்று வைத்த அதே ஜாதி, ஆறு மெகாபிக்சல். கருடன் படம் ஒன்று கோவர்த்தனன் வீட்டில் இன்றும் மாட்டியிருக்கிறது, அடுத்த வருஷம் அவன் எடுத்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

சேகரனின் கை மூன்று மாதம் மாவுக்கட்டுக்குள் கிடந்தது. சோறு ஊட்டியது யூனிஸ். காணிப்பாக்கத்தில் அவன் நின்ற இடத்தில் வேறு ஆட்கள் நின்றுவிட்டார்கள். கட்டுப் பிரித்த வாரமே போய் நின்று பார்த்தான். தோளுக்கு மேல் கை எழவில்லை, கேமராவை வயிற்றோடு வைத்து எடுத்தான். ஜனங்கள் ஒருமாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்கள். யூனிஸ் பரிசோதனை முடித்து முத்திரை வாங்கிவிட்டாள். கட்டு பிரிகிறவரை இருந்தேன் அண்ணா, அதற்கு மேல் என்னால் இருக்க முடியாது என்றாள். அவள் பேச்சில் நியாயம் இருந்தது.

சித்திரையில் ஒரு காலை, சென்னை விமான நிலையத்துக்கு யூனிஸ் என் ஜீப்பில்தான் கிளம்புவதாக ஏற்பாடு. சேகரனும் வருவதாக இருந்தது. மறுநாள் நான் திரும்பி வந்தபோது அவன் வீடு பூட்டிக் கிடந்தது. பெங்களூரில் ஏதோ அபார்ட்மெண்ட் கேட்டில் காவலுக்கு நிற்கிறான் என்று மணியம்மாவிடம் யாரோ சொன்னார்களாம். நான் பெங்களூர் சவாரி போகும்போதெல்லாம் கேட்டில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். இதுவரைக்கும் இல்லை. யூனிஸ் இரண்டு தரம் போன் செய்து என்னைக் கேட்டாள், பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

அதனால் யூனிஸ் கிளம்பிய அன்று காலை அவன் சொன்னதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு. அவன் வீட்டுக்கு நான் போவதற்கு முன்பே மெயின் ரோட்டுத் திருப்பத்தில் நின்று வண்டியை மறித்தான். குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, கழுத்தில் கேமராவை மாட்டியிருந்தான். ஏறச் சொன்னேன். ஏறவில்லை. ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"நான் வரல ரங்கா. விடிகாலையே காணிப்பாக்கத்துக்கு பூட்டேன்னு யூனிஸுகிட்ட சொல்லு. பெங்களூர்லருந்து மூணு பஸ்ஸு ஆளு வந்து எறங்கிகினு இருக்காங்க, எல்லாரும் சேகருதான் எடுக்கணும்னு லைன்ல நின்னுகினு இருக்காங்க, வுட்டுட்டு வர முடியலன்னு சொல்லு. அழுதா, இன்னும் நல்லா சொல்லு."