பதினாறு அடிப் படகுக்கு ஒரு வண்டி

2007, பங்குனி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை 7.00. தேவனாம்பட்டினம் ரோட்டிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் மச்சானும் கிளம்பினோம். மச்சான் என்றால் என் மனைவி சரோஜாவின் தம்பி தனசேகர். எனக்கு ஐம்பத்தைந்து, அவனுக்கு மூன்று வயது குறைவு. போகிற ஊர் சிதம்பரம். போகிற காரியம், இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் விற்ற பாய்மரப் படகைத் திரும்பக் கொண்டுவருவது.

அதை நாங்கள் புதுச்சேரியில் வாங்கியபோதே பழசு. மச்சான் சுரண்டி, வெள்ளை அடித்து, முன்பக்கம் நீலத்தில் 'சரோஜா' என்று அக்கா பேரை எழுதினான். ஐந்து வருஷம், மழையோ வெயிலோ, ஞாயிறு என்றால் கடல்தான். பாய்க்கயிறு என் கையில், சுக்கான் அவன் கையில். அந்த நாட்களை நினைத்தால் இன்னும் எனக்கு உள்ளங்கை அரிக்கிறது. பிறகு பெண் பிறந்தாள், எனக்குப் பயம் வந்தது. மச்சான் வேலைப் பயிற்சிக்கு நெய்வேலி போயிருந்த நேரம் பார்த்து, ஆசைப்பட்டுக் கேட்ட பேராசிரியர் ஒருவருக்கு விற்றுவிட்டேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு மாசம் என்னோடு பேசவில்லை அவன். நானும் வீம்புக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

போன வாரம் அந்தப் பேராசிரியர் போன் செய்தார். சிதம்பரம் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு, மகன் வீட்டுக்குப் போகிறாராம். "படகை சும்மாவே எடுத்துக்குங்க. ஞாயித்துக்கெழம மூணு மணிக்குப் பழைய சாமான்காரர் வர்றார். அதுக்குள்ள நீங்க வரலைன்னா உடைச்சு எடுத்துட்டுப் போயிடுவார்" என்றார். வண்டி பிடிக்க அளவு தெரிய வேண்டும். நீளம் பதினாறு அடி என்றேன் நான். பதினெட்டு என்றான் மச்சான். போன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். "நம்ம போட்டோட அளவ அவர்கிட்ட போயி கேக்கறதா மாமா?" என்றான். எனக்கும் அது கௌரவக் குறைச்சலாகத்தான் பட்டது.

கிளம்பும்போது சரோஜா டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தாள். "கொண்டாங்க, பாக்கலாம். பேரு மட்டுந்தான் என்னுது. ஒரு நாளாச்சும் ஏறியிருக்கேனா அதுல?" என்றாள். எங்களுக்கு அவசரம், டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடினோம்.

7.40, திருப்பாதிரிப்புலியூர். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒருவர் சாமி ஊர்வலத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறார். ஜெனரேட்டரை வைத்து இழுக்கிற டிரெயிலர் இரண்டு சக்கரம், தாழ்வான தட்டு, நல்ல ஸ்பிரிங் பட்டை. படகுக்கென்றே செய்ததுபோல இருந்தது. மச்சான் டேப்பை இழுத்தான். பன்னிரண்டு அடி.

"பத்தாதுண்ணே. பாதி வெளிய தொங்கும்" என்றான் வண்டிக்காரரிடம்.

"கப்பலா வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டார் உரிமையாளர். மச்சானுக்கு உள்ளுக்குள் பெருமைதான். அங்கேயே வாடகைக்கு எடுத்திருக்க வேண்டிய வண்டி அது. விதி யாரை விட்டது!

8.30க்குச் சிதம்பரம் பஸ். அகலப் பாதை போடுவதற்காக மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்துப் போட்டதிலிருந்து ரயில் கூட்டமும் பஸ்ஸில்தான் தொங்குகிறது. குடிகாடு வந்ததும் ஜன்னல் பக்கமிருந்தவர்கள் சொல்லிவைத்தாற்போலக் கர்சீப்பை எடுத்தார்கள். தொழிற்பேட்டையின் கெமிக்கல் நெடி ஆலப்பாக்கம் வரை மூக்கில் இருந்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

10.00 முதல் 12.30 வரை சிதம்பரத்தில் அலைந்தோம். நெல் மூட்டை ஏற்றும் டிரெயிலர் பத்தடி, கரும்பு ஏற்றுவது பதினான்கு. டீக்கடையில் ஒரு பெரியவர், "ஒரு மாட்டு வண்டியப் புடிச்சி ஏத்திட்டுப் போங்களேம்பா" என்றார். "மாட்டு வண்டியில ஏத்துற போட்டாய்யா அது?" என்று மச்சான் சிரித்தான். நானும்தான் சிரித்தேன். ஆனால் நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறையும் என்னால் அந்தப் படகு போய்விட்டால் இவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கடைசியில் பைபாஸ் ஓரத்தில், கரண்ட் கம்பம் ஏற்றுகிற டிரெயிலர் டிராக்டரோடு கிடைத்தது. இருபத்துநான்கு அடி. டிரைவர் கலியமூர்த்தி, டீசலோடு சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தோம். குலுங்காமல் இருக்க வைக்கோல் பத்துக் கட்டு வேறு.

1.50க்குப் பேராசிரியர் வீடு. பின்பக்கக் கொட்டகையைத் திறந்து, தார்ப்பாயை விலக்கினார்.

மச்சான் டேப்பை எடுத்தான். ஒரு தடவை அளந்தான். நம்பாமல் மறுமுனையிலிருந்து இன்னொரு தடவை அளந்தான். பதினோரு அடி நாலு அங்குலம்.

"வெயில்ல சுருங்கியிருக்குமா மாமா?" என்றான் மெதுவாக.

பேராசிரியரிடம், இதை இங்கே எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். "பரங்கிப்பேட்டை வரைக்கும் கடல்ல, அங்கேர்ந்து மாட்டு வண்டியிலதான்" என்றார்.

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார், டிரெயிலரைப் பார்த்தார். "இதுக்கா சார் என்னக் கூப்டீங்க?" என்றார். பேர் மட்டும் அப்படியே இருந்தது. நீலம் வெளுத்து, 'சரோஜா'. மச்சான் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தான்.

தூக்க ஆள் போதவில்லை. இரண்டரைக்கே வந்துவிட்ட பழைய சாமான்காரர்தான் ஒரு பக்கம் பிடித்தார். "அலுமினியக் கம்பம் நல்ல வெயிட்டு" என்று பாய்மரத்தை ஏக்கத்தோடு தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நீள டிரெயிலரின் நடுவில் வைக்கோல்மேல் படகு உட்கார்ந்திருந்தது, கல்யாணப் பந்தியில் ஒற்றை இலை போட்டதுபோல.

2.50க்குப் புறப்பட்டோம். மச்சான் கேட்காமலே படகுக்குள் ஏறி சுக்கானைப் பிடித்துக்கொண்டான். நான் வைக்கோல்மேல் இருந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் கடல் காற்று குறுக்கே அடித்தது. அவன் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"மச்சான், அன்னிக்கி ஒன்னக் கேக்காம வித்தது தப்புடா" என்றேன்.

பாலம் முடிந்ததும் சுக்கானை நேராக்கிக்கொண்டே சொன்னான். "நம்மகிட்ட இருந்திருந்தா கரையிலதான கெடந்திருக்கும் மாமா. சுனாமியில எத்தினி போட்டு போச்சி. இதுவும் போயிருக்கும்." பிறகு, "அங்க ஏன் உக்காந்திருக்கீங்க? ஏறுங்க. கயிறு உங்க வேல" என்றான். பாயே இல்லாத படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுச்சத்திரத்தில் பஸ் பயணிகள் எங்களைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

5.45, வீடு. நாலு பேர் பிடித்து வாசலில் இறக்கினார்கள். சரோஜா கையைத் துடைத்துக்கொண்டே வந்து படகை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இதுக்கா ரெண்டு பேரும் ஆறு மாசம் பேசாம இருந்தீங்க?"

மச்சான் டேப்பைப் பைக்குள் தள்ளினான்.

"அது கெடக்கட்டும். பதினாறு அடி, பதினெட்டு அடின்னு ஒரு வாரமா சொன்னீங்களே. அவ்ளோ பெரிய போட்டுலதான் ரெண்டு பேருக்கு மேல எடம் இல்லன்னு அஞ்சி வருஷமும் என்னக் கரையில நிக்க வெச்சீங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் மச்சானைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யாரையும் எதிர்பார்க்காமல் ஏறி, நட்ட நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இடம் இருந்தது.