கல்யாணசுந்தரியின் மஞ்சள் டப்பா

கையை வாங்கித் திருப்பி, முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு விழுதைத் தொட்டு வைத்துவிட்டு, "செத்த ஒக்காருங்க, எரியுதான்னு பாப்போம்" என்கிறாள் கல்யாணசுந்தரி. வந்திருப்பது நாளைக்கு மணையில் உட்காரப்போகிற பெண்ணாக இருக்கலாம், வருஷக்கணக்காக மாதம் தவறாமல் வருகிற டீச்சராகவும் இருக்கலாம். கையில் பொட்டு வைத்துப் பார்க்காமல் யார் முகத்தையும் தொட மாட்டாள். முகூர்த்த நாளில் வாசலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். பெண்ணின் அத்தைகள் உள்ளே எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அவள்பாட்டுக்கு அந்தப் பெண்ணின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டின் முன்னறைதான் அவளுடைய பார்லர். போர்டில் சிரிக்கும் பெண்ணின் கன்னத்தை உப்புக்காற்று எப்போதோ உரித்துவிட்டது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து வரும் ஷரீபுன்னிசா போர்டைக் காட்டி, "மொதல்ல இவளுக்கு ஒரு பேசியல் பண்ணுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். கல்யாணசுந்தரியும் அதை முதல் தடவை கேட்பது போலவே சிரிப்பாள்.

வைத்தியம் எல்லாம் எளிய வைத்தியம்தான். பாசிப்பயறு மாவு, தயிர், சந்தனம், கஸ்தூரி மஞ்சள். போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீரில் முகம் கழுவச் சொல்லுவாள். துண்டால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். பருவைக் கிள்ளியவளுக்குத் திட்டு உறுதி. போனில் பார்த்துவிட்டு எலுமிச்சை தேய்த்துக்கொண்டு கன்னம் கன்றிப்போய் வந்த ஒருத்தியிடம், "எலுமிச்சம்பழத்த ரசத்துக்கு வைங்க" என்று சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது. சிவப்பாக்கித் தரச்சொல்லி வருகிறவர்களிடம் நிறம் தன்னிடம் விற்பனைக்கு இல்லை என்பாள். ஆரோக்கியமாக இருக்கிற தோல் எந்த நிறத்திலும் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும் என்பது அவள் கட்சி.

யார் வெளியே போனாலும் வாசல்வரை வந்து, "வெயிலு, கைய மூடிட்டுப் போங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் எதிரே இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கு மனப்பாடம். சவாரி கிளம்புகிறவனைப் பார்த்து மற்றவர்கள் அதே ராகத்தில் கத்துவார்கள்.

இத்தனை வாயுள்ளவள் இப்போதெல்லாம் ஒரு டப்பாவைத் திறக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுகிறாள். அது கஸ்தூரி மஞ்சள் டப்பா.

தேவிகாவால் வந்தது அந்தப் பழக்கம். நெரவியிலிருந்து ஸ்கூட்டரில் டவுனுக்கு வேலைக்கு வந்து போகிறவள் தேவிகா. இரண்டு கன்னத்திலும் மங்கு, கருந்திட்டாகப் படர்ந்திருக்கும். என்னென்னவோ போட்டுப் பார்த்து, கடைசியில் கஸ்தூரி மஞ்சள் கலந்த விழுதுதான் அவளுக்கு ஒத்துக்கொண்டது. மாதாமாதம் அதைப் போட்டுக்கொள்ள வருவாள். புருஷன் சிவக்குமார் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடிகிறவரை எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். போன வருஷம் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு பல மாதம் தேவிகா வரவில்லை.

ஒரு சனிக்கிழமை தானாக வந்தாள். முகமெல்லாம் காய்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, வழக்கமான நாற்காலியில் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தாள். கல்யாணசுந்தரி கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். மாவை எடுத்தாள், சந்தனத்தை எடுத்தாள். கை தன்னால் மஞ்சள் டப்பாவுக்குப் போயிற்று. பக்கத்து நாற்காலியில் தேவிகாவின் தெருக்காரி ஒருத்தி தலைக்குச் சாயம் பூசி உட்கார்ந்திருந்தாள். புருஷன் போன பெண்ணுக்கு மஞ்சள் ஏது என்று கேட்கிற மாதிரி அவள் பார்வை டப்பா மேல் விழுந்தது. கல்யாணசுந்தரி கையை எடுத்துக்கொண்டாள்.

தேவிகா அவ்வளவையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள் போடலியாக்கா?"

"இப்ப எதுக்கும்மா. சந்தனமே போதும்."

அன்றைக்குக் கையில் பொட்டு வைத்துப் பார்க்கவும் மறந்துபோனாள். தேவிகா கண்ணை மூடிக்கொண்டு, பூசியதைப் பூசிக்கொண்டு, கழுவி எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "எம் தோலு மாறலையேக்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை.  கல்யாணசுந்தரி பழக்கதோஷத்தில், கையை மூடிக்கொண்டு போகும்படி மட்டும் சொல்லிவைத்தாள்.

அவள் மனசு நோகக்கூடாது என்றுதான் விட்டேன் என்று முதலில் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கணவர் பஞ்சநாதனும், ஒரு சிட்டிகை மஞ்சளுக்கு இத்தனை யோசனையா என்று கேட்டார். சமாதானம் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலிக்குப் பயந்துதான் கை திரும்பியது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பெண் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஊரில் எல்லா இடத்திலும் ஒதுங்கி நின்றுவிட்டு, இங்கேயாவது பழைய மாதிரி உட்காரலாம் என்று வந்திருக்கிறாள். அந்த நாற்காலியையும் தான் பிடுங்கிக்கொண்டோமே என்று நெஞ்சு அறுக்கிறது. போனை எடுத்து எண்ணைத் தேடுவாள், வைத்துவிடுவாள். மஞ்சள் போடுகிறேன் வா என்றா ஒருத்தியைக் கூப்பிடுவது?

போன வாரம் தேவிகாவின் மகள் விஷ்ணுப்ரியா புருவம் எடுக்க வந்தாள். அம்மா வெளியே வண்டியில் இருப்பதாகவும், உள்ளே வரவில்லை என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். நூல் ஒரு புருவத்தை முடித்தது, இரண்டாவதையும் முடித்தது. கல்யாணசுந்தரி நூலை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளங்கையிலேயே மஞ்சளைப் பன்னீர் விட்டுக் குழைத்தாள். செருப்பு போடாமல் வெளியே போனாள்.

தேவிகா முகத்தைத் துப்பட்டாவால் சுற்றி, கைகளுக்கு நீள உறை மாட்டி வண்டிமேல் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவுக்கு வெளியே தெரிந்த கொஞ்ச இடத்திலேயே மங்கு மூக்குவரை பரவியிருந்தது தெரிந்தது. சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் கல்யாணசுந்தரிக்கு மறந்துவிட்டது.

"அன்னிக்கு நான் பண்ணது தப்பு தேவிகா. பக்கத்துல ஒக்காந்திருந்தவளப் பாத்துப் பயந்துட்டேன்."

"விடுங்கக்கா" என்றாள் தேவிகா, கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு.

கல்யாணசுந்தரி கேட்காமலே அவள் இடது கையை வாங்கினாள். உறையை மணிக்கட்டுவரை சுருட்டி இறக்கி, கையைத் திருப்பி, முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு மஞ்சளை வைத்தாள். எரிகிறதா என்று பார்க்கச் சொன்னாள். தேவிகா பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.  மகள் வந்து பின்னால் ஏறியதும் வண்டியைக் கிளப்பினாள். 

பொட்டைத் துடைக்கவில்லை. இறக்கிய உறையையும் மேலே இழுத்துவிடவில்லை. உச்சி வெயிலில் அந்தக் கை முழுசாக வெளியே தெரிந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், கையை மூடச் சொல்லும் அந்தக் குரல் எங்கே என்று. கல்யாணசுந்தரி மஞ்சள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.